தினமும் செய்கிற வேலையும் நம் மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கமிருந்து விடியும் முன்பே மலையேறி, கேரள எல்லையிலிருக்கிற குமுளிக்கும் அதைத் தாண்டி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருத்தி. குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் வேலை, புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்பு. வேலையை நல்ல மனநிலையோடு செய்யுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன், அதனால் காயைப் பற்றிக் கேட்பதைவிட மனசைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடை வேலை, ஜீப் ஓட்டுகிற வேலை, ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

பிடிக்காத வேலையைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா அக்கா?

இல்லை. சொன்னாலும் மனசு நம்பாது. கொட்டுகிற மழையில், காலில் அட்டை ஏற, குனிந்தபடி காய் பறிக்கிறவரிடம் போய் இதை ரசித்துச் செய்யுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும். சம்பளம், நேரம், இடம், சூப்பர்வைசர், மழை, இது எதையும் நாம் கேட்டு வாங்கவில்லை. ஆனால் அந்த எட்டு மணி நேரத்தை எந்த மனசோடு கடக்கிறோம் என்பதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. பெரிய பங்கு என்றுகூடச் சொல்ல மாட்டேன், ஒரு பங்கு. அதையும் விட்டுவிட்டால் நாள் முழுசும் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அந்தப் பங்கை விடாமல் வைத்துக்கொள்வதைத்தான் நல்ல மனநிலை என்கிறேன். முதலாளிக்கு நல்ல பேர் எடுப்பதற்காகச் செய்தால் ஒரு வாரம்கூட ஓடாது. உங்கள் நாளை உங்களுக்காகக் காப்பாற்றிக்கொள்கிறீர்கள் என்ற எண்ணம் இருந்தால் நிலைக்கும்.

அதெல்லாம் அவரவர் குணம்தானே, நாமாக மாற்றிக்கொள்ள முடியுமா?

குணமும் உண்டு, மறுக்கவில்லை. சிலர் எழுந்திருக்கும்போதே கலகலவென்று இருப்பார்கள், சிலருக்குப் பத்து மணிக்கு மேல்தான் பேச்சே வரும். ஆனால் நான் சொல்வது முகத்தைப் பற்றி இல்லை, வேலையை எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பற்றி. அமெரிக்காவில் ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி 2001இல் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாதிரி வேலை. ஒரு பகுதியினர் தரை துடைத்துக் குப்பை எடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள், வேலையைத் தாழ்வாகவே பார்த்தார்கள். இன்னொரு பகுதியினர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று பார்த்தார்கள். யாரும் சொல்லாமலேயே நோயாளிகளிடமும் பார்க்க வருகிறவர்களிடமும் பேசினார்கள், நர்ஸுகளின் வேலைக்குத் தோதாகத் தங்கள் வேலையை மாற்றி அமைத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த இரண்டாவது கூட்டம் வேலையை வேறு மாதிரி செய்யவும் செய்தது என்பது. நினைப்பை மட்டும் மாற்றினால் சாயங்காலத்துக்குள் பழையபடி ஆகிவிடும். செய்கிற விதத்தில் சின்னதாக ஒன்று மாறினால் நினைப்பும் கூடவே தங்கும். எங்கள் இடத்தில் ஒரு அம்மா இருக்கிறார், தரம் பிரிக்கும்போது எந்த மூட்டையில் வெடிப்புக் காய் அதிகம் வருகிறது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பார். வெடிப்பு அதிகம் என்றால் பழுக்க விட்டுப் பறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தோட்டத்து ஆட்கள் காய் கொண்டுவரும்போது அவரே போய்ச் சொல்லிவிடுவார். இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் தோட்டத்துக்காரர்கள் இப்போது அவரைத் தேடிவந்து கேட்கிறார்கள். அவர் வேலைக்கு வருகிற நடையே வேறு மாதிரி இருக்கும்.

காலையில் எழும்போதே அலுப்பாக இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். மூன்றரைக்கு எழுந்து சோறாக்கி டப்பா கட்டுகிறவர், ராத்திரி பதினொரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனநிலையும் வேலைக்கு ஆகாது. இதை உபதேசமாகச் சொல்லவில்லை, உடம்புக் கணக்கு இது.

அடுத்து, ஏறுகிற நேரம். லோயர் கேம்ப் தாண்டி, மின் நிலையத்துக்கு இறங்குகிற அந்தப் பெரிய குழாய்களைக் கடந்து வளைவு வளைவாக ஏறும்போது ஜீப்புக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். நேற்று சூப்பர்வைசர் திட்டியது, முந்தாநாள் கூலியில் பிடித்தது, யார் வீட்டில் என்ன சண்டை. வேலை இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே ஒரு நாளுக்கான கோபத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறோம். நியாயமான குறைகள்தான், அவற்றைப் பேச வேண்டிய இடமும் இருக்கிறது, கீழே அதைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஐந்தரை மணி ஜீப் அதற்கான இடம் இல்லை. நான் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வேன், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் வேறு ஏதாவது பேசுவேன்.

மூன்றாவதாக, அன்றைக்கு ஒரே ஒரு காரியத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதுவும், இது நடந்தால் இதைச் செய்வேன் என்கிற மாதிரி. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இப்படித் தீர்மானிக்கிறவர்கள் பொத்தாம்பொதுவாக ‘இன்றைக்கு நன்றாக இருப்பேன்’ என்று நினைப்பவர்களைவிட அதிகமாகச் சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள் என்று பல வருடம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். உதாரணத்துக்கு, சூப்பர்வைசர் சத்தம் போட்டால் உடனே பதில் பேசாமல் கையில் இருக்கிற காயை முடித்துவிட்டுப் பேசுவேன் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் அந்த நேரம் வரும்போது மனசு தடுமாறாமல் இருப்பதற்கு இதுதான் உதவுகிறது.

ஒரே வேலையைத் தினமும் செய்தால் சலிப்பு வராதா?

வரும். வராது என்று சொல்கிறவர் அந்த வேலையைச் செய்யாதவர். ஆனால் சலிப்புக்குப் பாதி காரணம், நாம் வேலையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஏலக்காய் பறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காய் மரத்தில் தொங்காது. செடியின் அடியிலிருந்து தரையோடு ஓடுகிற சரத்தில் இருக்கும், அதனால் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டோ குனிந்தோதான் பறிக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சு, பருவத்துக்கு வந்த காய், பழம் மூன்றும் இருக்கும். பிஞ்சைப் பறித்தால் உலரும்போது சுருங்கிவிடும், எடை நிற்காது. பழத்தை விட்டுவைத்தால் வெடிக்கும். பருவத்துக்கு வந்து பழுக்கும் முன் இருக்கிற காயைத்தான், கரிக்காய் என்பார்கள், எடுக்க வேண்டும். அதனால்தான் ஒரே செடிக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போகிறோம். பழகின கை, கண் பார்க்கும் முன்பே எது எது என்று சொல்லிவிடும், பக்கத்துப் பிஞ்சு உதிராமல் ஒற்றைக் காயை மட்டும் திருகி எடுக்கும். பறித்த ஐந்து கிலோ பச்சைக் காய், ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற உலர்த்தும் இடத்தில் உலர்ந்து வெளியே வரும்போது ஏறக்குறைய ஒரு கிலோதான். அந்த ஒரு கிலோவில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனோடு, பச்சை நிறம் மாறாமல் எவ்வளவு நிற்கிறது என்பது, அங்கே செடியடியில் குத்துக்காலிட்டிருந்தவரின் விரலில்தான் பாதி இருக்கிறது. இதைச் சாதாரண வேலை என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தத் திறமையை நாமே கவனிக்காமல் விட்டால் வேறு யார் கவனிக்கப்போகிறார்கள்? தெரேசா அமாபிலி என்ற ஆய்வாளர் ஏழு நிறுவனங்களில் 238 பேரைத் தினமும் வேலை முடிந்ததும் நாட்குறிப்பு எழுத வைத்தார், கிட்டத்தட்ட 12,000 குறிப்புகள். நல்ல நாள் என்று தோன்றிய நாட்களில் மற்ற எதையும்விட அதிகமாகக் காணப்பட்டது, வேலையில் கொஞ்சமாவது முன்னேறியது என்ற உணர்வு. பாராட்டு, பரிசு எல்லாம் அதற்குப் பிறகுதான். அவர்கள் ஆபீஸ்காரர்கள், நாம் வேறு. இருந்தாலும் சாயங்காலம் ஜீப் ஏறும் முன் இன்றைக்கு எதைப் போன மாசத்தைவிட நன்றாகச் செய்தேன் என்று ஒரு நிமிஷம் யோசிக்கச் சொல்லி நான் புதியவர்களைக் கேட்பேன். முதல் வாரம் ஒன்றும் தோன்றாது. அப்புறம் தோன்றும்.

நல்லதே நினைத்தால் நல்லதே நடக்கும் என்கிறார்களே?

அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது. 2018 வெள்ளம், அதற்குப் பின்னால் வந்த வறட்சி, காய் வரத்துக் குறைந்து, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடக்கிற ஏலக்காய் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அதைப் பார்த்து வீடு கட்டக் கடன் வாங்கினவர்கள் உண்டு. 2022இல் விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. நல்லதை நினைத்தவர்களுக்கும் அதே விலைதான், கெட்டதை நினைத்தவர்களுக்கும் அதே விலைதான்.

காப்ரியேல எட்டிங்கன் என்ற உளவியலாளர் இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறார். நடந்து முடிந்துவிட்டது போல இனிமையாகக் கற்பனை மட்டும் செய்கிறவர்கள், உண்மையில் குறைவாகவே முயற்சி செய்கிறார்களாம். விரும்புவதையும் நினைத்து, குறுக்கே நிற்கப்போவது எது என்பதையும் சேர்த்து நினைக்கிறவர்கள்தான் காரியத்தில் இறங்குகிறார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் தோட்டத்துக்குப் போகும்போது வெயிலடித்தாலும் கையில் மழைக்குத் தலையோடு போர்த்துகிற ஒரு பிளாஸ்டிக் கொங்காணி எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். எனக்குத் தெரிந்து நல்ல நம்பிக்கை அதுதான்.

கடையில் எப்போதும் சிரித்துக்கொண்டே நிற்கச் சொல்கிறார்கள். அதுவும் நல்ல மனநிலைதானே?

அது வேறு, அதுவே ஒரு வேலை. ஆர்லி ஹாக்‌ஷைல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காக உணர்ச்சியைக் காட்டுவதும் அடக்குவதும் உழைப்புதான் என்று 1983இலேயே எழுதினார். தேக்கடிக்கு வருகிற டூரிஸ்ட் அத்தனை பேரிடமும், வாங்காமல் அரை மணி நேரம் பேரம் பேசிவிட்டுப் போகிறவரிடமும், சிரிப்பது களைப்பைத் தரும். சீசனில் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனதும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. நடுவில் பத்து நிமிஷம் கடைக்குப் பின்னால் போய் முகத்தைச் சும்மா விட்டுவிட்டு டீ குடியுங்கள். மரியாதை எல்லோருக்கும் கொடுங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள். வாடிக்கையாளருக்கு வேண்டியது நல்ல காயும் சரியான விலையும் நேரான பதிலும்.

கூலியே போதவில்லை, இதில் மனநிலை பேசுவது ஏழைகளை ஏமாற்றுவது ஆகாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

ஏமாற்றுவதற்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள், உண்மை. ‘நல்லா நினைங்க, சந்தோஷமா வேலை பாருங்க’ என்று ஒரு கூட்டம் போட்டுவிட்டு மிக்சரும் காப்பியும் கொடுத்து அனுப்புவது, கூலி கேட்டால் மட்டும் வாயைத் திறக்காமல் இருப்பது. அதை நம்பாதீர்கள்.

2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்ததற்கு எதிராகத் தாங்களாகவே ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய தொழிற்சங்கங்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அப்படி வந்ததுதான். 20 சதவீதம் போனஸ் கேட்டு வாங்கினார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய், அவர்கள் கேட்டது 500. அடுத்த மாசம் பேச்சுவார்த்தையில் தேயிலைக்கு 301 ஆனது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனாலும் கேட்காமல் அந்த 301 வந்திருக்காது. இந்தப் பெண்கள் வேலையை வெறுத்தவர்கள் இல்லை. தங்கள் கை வேலைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்கள், அதனால்தான் அந்த மதிப்பைக் கேட்டு உட்கார முடிந்தது. வேலையைக் கேவலமாக நினைக்கிறவருக்குக் கூலி கேட்கவும் குரல் வராது. நல்ல மனநிலையும் உரிமை கேட்பதும் எதிரெதிர் என்று யாராவது சொன்னால் மூணாறைச் சொல்லுங்கள்.

பாதுகாப்பும் அப்படித்தான். ஆள் மேல் ஆளாக அடைத்து, பின்னால் தொங்கவிட்டு வளைவில் ஓட்டுகிற ஜீப்பில், பாசிட்டிவாக இருப்போம் என்று ஏறாதீர்கள். இறங்கி நில்லுங்கள், நாலு பேராகச் சேர்ந்து நில்லுங்கள்.

மேலே கேரளத்தில் வேலை செய்யும்போது, தமிழர்கள் என்று கேலியாக ‘பாண்டி’ என்று கூப்பிடுகிறார்கள். அதையும் பொறுத்துப் போக வேண்டுமா?

வேண்டாம். என் பேர் இது, அப்படிக் கூப்பிடுங்கள் சேட்டா என்று நிதானமாக, எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு நிற்கும், நிற்கவில்லை என்றால் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். நாம் இங்கே வந்தேறிகளும் இல்லை. தேவிகுளம், பீர்மேடு இரண்டும் 1956இல் கேரளத்தோடு போவதற்கு முன்பும் பின்பும் இந்த மலையில் தோட்டம் உண்டாக்கினதில் நம் பாட்டன் பாட்டிகளின் கை நிறைய இருக்கிறது.

அதே சமயம் மலையாளம் கற்றுக்கொள்ளுங்கள், பேச மட்டும் இல்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கவும். பேரேட்டில் என்ன எழுதுகிறார்கள், எத்தனை கிலோ போட்டார்கள், எத்தனை நாள் வேலை குறித்தார்கள் என்று நீங்களே பார்க்கலாம். வேலை இடத்தில் பாதி பயம் புரியாததால் வருவது. அங்கே நல்ல சேச்சிகள், சேட்டன்மார் நிறையப் பேர் உண்டு, சொல்லிக் கொடுப்பார்கள்.

கூட வேலை பார்க்கிறவர் நாள் முழுக்கப் புலம்பினால்?

ஒருமுறை முழுசாகக் கேளுங்கள். சில பேருக்கு அது போதும். அதற்குமேல் புலம்பினால், சரி அக்கா, இதற்கு என்ன செய்யலாம் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இருந்தால் சேர்ந்து செய்யுங்கள், இல்லையென்றால் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புங்கள்.

எவ்வளவு முயற்சி செய்தாலும் மனசு ஒட்டவில்லை. அப்போது?

அப்போது அது மனநிலை விஷயமாக இல்லாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல், வேலையில் தீராத நெருக்கடியால் வருகிற முழுச் சோர்வைத் தன் வகைப்பாட்டில் விளக்கியிருக்கிறது. நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்து வருகிற நிலை என்கிறது. சத்தே இல்லாத களைப்பு, வேலையிலிருந்து மனசு விலகி எரிச்சலாகவே இருப்பது, என்ன செய்தும் பிரயோஜனம் இல்லை என்ற எண்ணம், மூன்றும் சேர்ந்து வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் வேலைப் பளு, ஆள் குறைவு, ஓய்வு இல்லாதது. நினைப்பை மாற்றினால் சரியாகாது, வேலையின் அளவு மாற வேண்டும், லீவு வேண்டும்.

ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், நம் பெண்களுக்கு அது சர்வசாதாரணம், சோம்பல் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

வேலையை விட்டுவிடுவது தோல்வியா?

இல்லை. அடுத்த வேலையைப் பார்த்துவைத்துவிட்டு விடுங்கள், கோபத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் விடாதீர்கள். அவ்வளவுதான்.

வீட்டு வேலைக்கும் இதையெல்லாம் சொல்வீர்களா?

யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம் செலவழித்தார்கள், செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். மலையிலிருந்து இறங்கி வந்து மறுபடியும் அடுப்படிக்குள் நுழைகிற பெண்ணிடம் மனசை நல்லபடியாக வைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே மாற வேண்டியது பங்கு. அண்ணன்மார், தம்பிமார் இதைப் படித்தால், நாளைக்குக் காலையில் டப்பா கட்டுவதில் ஆரம்பியுங்கள்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

முதலில் ஒரு பேச்சை நிறுத்துங்கள். ‘படிக்கலைன்னா காய் பறிக்கத்தான் போவே’. நம் வீடுகளில் தினமும் கேட்கிற மிரட்டல் இது. படிக்கட்டும், கட்டாயம் படிக்கட்டும், காய் பறிப்பதைவிட நல்ல வருமானத்துக்குப் போகட்டும். ஆனால் இதைச் சொல்லும்போது அம்மா செய்கிற வேலை ஒரு தண்டனை என்றுதான் பிள்ளை காதில் விழுகிறது, நாளைக்கு அது ஸ்கூலில் அம்மாவின் வேலையைச் சொல்லக் கூச்சப்படும், தன் வேலையையும் அப்படித்தான் பார்க்கும்.

அதற்குப் பதில் இன்றைக்கு என்ன செய்தேன் என்று சாப்பிடும்போது சொல்லுங்கள். கஷ்டத்தையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். ஒரு பிடி காயைக் கொண்டுவந்து தட்டில் போட்டு, பிஞ்சு எது, கரிக்காய் எது என்று பிரிக்கச் சொல்லுங்கள், எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்கே தெரியும். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் கவரை அவர்கள் கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், அரிசிக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு, ஜீப்புக்கு எவ்வளவு என்று அவர்களே நோட்டில் எழுதட்டும்.